பத்து மீட்டர் இடத்தில் ஏர் ரைபிளின் ஸ்கோப்பை ஜீரோ செய்வது (குறிபார்க்கும் புள்ளியிலேயே குண்டு படும்படி சரிசெய்வது): வாசகர் கேள்விகள்

வீட்டில் நீளமான இடம் 10 மீட்டர்தான். 25 மீட்டருக்கு ஜீரோ செய்ய முடியுமா?

முடியும்; ஆனால் 10 மீட்டரில் குறியின் நடுவிலேயே பெல்லட் (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) பட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், பெல்லட் பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து புறப்பட்டு, ஏறி அதைக் கடந்து, பிறகு இறங்கி மறுபடியும் அதைத் தொடுகிறது. நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 0.177 அங்குல பெல்லட்டுக்கு நான் போட்ட கணக்கின்படி, 25 மீட்டரில் நடுவில் பட வேண்டிய ரைபிள், 10 மீட்டரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கீழே சுட வேண்டும். ஆகவே குறிப் புள்ளிக்கு நேர் கீழே 8 மில்லிமீட்டர் தள்ளிப் பேனாவால் ஒரு சிறு வட்டம் வரைந்துகொண்டு, புள்ளியைக் குறிபார்த்தபடியே பெல்லட்டுகள் வட்டத்தில் விழும்வரை டர்ரெட்டை (ஸ்கோப்பின் மேலுள்ள சரிசெய்யும் குமிழை) திருகுங்கள். 10 மீட்டரிலேயே நடுவில் வைத்துவிட்டால், 25 மீட்டரில் சுமார் 2 சென்டிமீட்டர் மேலே போகும். வேகமும் ஸ்கோப்பின் உயரமும் மாறினால் இந்த அளவுகளும் மாறும் என்பதால், வாய்ப்புக் கிடைக்கும்போது ரேஞ்சில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நாலு கிளிக் திருகியும் குண்டு நகரவே இல்லை. ஸ்கோப் பழுதா?

அநேகமாக இல்லை. கால் மினிட் ஸ்கோப்பில் (மினிட் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கிளிக் என்பது 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். 10 மீட்டரில் வெறும் 0.7 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தவே 14 கிளிக் வேண்டும்.

இலக்கு மங்கலாகத் தெரிகிறது.

பல ஸ்கோப்புகள் 100 கஜத்துக்கென்றே குவியப்படுத்தப்பட்டவை. முன்பக்க வளையத்தைத் திருப்பிக் குவியம் சரிசெய்யும் வகை இல்லையென்றால், உருப்பெருக்கத்தை 3 அல்லது 4-க்குக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கண்ணை ஸ்கோப்பின் நடுவில் ஒரே இடத்தில் வையுங்கள். கண் விலகினால் குறியும் விலகும்.

சுவரில் அட்டையை ஒட்டிச் சுடலாமா?

கூடவே கூடாது. ஈயச் சிதறல் உங்கள் பக்கமே திரும்பி வரும். மரப்பெட்டியில் பழைய துணியைக் குறைந்தது 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறுக அடைத்து, பின்னால் தடித்த பலகை வைத்து, அதன் முகப்பில் அட்டையைக் குத்துங்கள். கண்ணாடி அணியுங்கள், இரும்புக் குண்டுகளைத் தவிருங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இலக்குப் பக்கம் சமையலறைக் கதவோ மாடிப்படியோ திறக்குமானால், அதைப் பூட்டிச் சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே முதல் பெல்லட்டை ஏற்றுங்கள்.

காலையில் சரியாக இருந்தது, மாலையில் இடம் மாறிவிட்டது. ஏன்?

முதலில் மவுண்ட் (ஸ்கோப்பை ரைபிளோடு பிணைக்கும் பிடி) திருகுகளைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைபிளின் அதிர்வு முன்னும் பின்னும் அடிப்பதால் அவை மெல்லத் தளரும். பின்பக்கத் திருகு ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்ததை அறியாமல் நான் ஒரு மாலை முழுவதும் டர்ரெட்டைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்தது பிடிமானம்: முன்கட்டையை மேசை விளிம்பில் வைக்காமல், திறந்த உள்ளங்கையில் தளர்வாகத் தாங்குங்கள். ஒரு குண்டைப் பார்த்துத் திருகாமல், ஐந்து குண்டுகளின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள்.