இஞ்சி லில்லி டெல்டா வெயிலில் பூக்குமா?

கும்பகோணம் பக்கம் கொல்லையில் வைத்த இஞ்சி லில்லி (இஞ்சிக் குடும்பத்து வாசனைப் பூச்செடி) இலை நுனி கருகி, பூக்காமலே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். செடியில் குறையில்லை, இடம்தான் தப்பு. இமயமலை அடிவாரத்து ஈரக்காட்டுச் செடி அது. சித்திரை வெயிலை நேராகத் தாங்காது. வாழைக்குக் கிழக்குப் பக்கம் மாற்றுங்கள். காலை வெயில் கிடைக்கும், மதியத்துக்கு மேல் நிழல் விழும்.

ஆற்று வண்டல் இதற்கு அமிர்தம். களிமண் என்றால் மணலும் மட்கிய சாணமும் கலந்துகொள்ளுங்கள். கிழங்கு 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் போதும். ஈரம் காயவே கூடாது. ஆனால் கிணற்றடிச் சோப்புத் தண்ணீரை அதன் பக்கம் திருப்பாதீர்கள், நுனி கருக அதுவும் காரணமாகலாம்.

ஒரு தண்டு ஒரு முறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் தரையோடு அறுத்துவிடுங்கள். சத்து பக்கக் கன்றுக்குப் போகும். புதர் நெருங்கினால் முளையுள்ள துண்டுகளாகக் கிழங்கைப் பிரித்து நடலாம்.

அப்புறம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பச்சைச் செதில்களுக்கு நடுவிலிருந்து சுருட்டிய வெள்ளைத் துணிபோல மொட்டு நீளும். இருட்டுவதற்குள் பட்டாம்பூச்சியாக விரியும். கூடம் வரை வாசம் வரும். சீக்கிரமே மஞ்சளாகி வாடிவிடும், அன்றைக்கே பக்கத்தில் போய் உட்காருங்கள்.