“சம்பளத்துக்குத்தானே போகும்?”

கேள்வி: எங்கள் ஊர் பள்ளத்தூர். இந்த மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். மூத்தவன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டான். மகள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அமெரிக்காவில் வேலை பார்க்கிறாள். வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கி, பழனிப் பாதயாத்திரை அன்னதானத்துக்குக் கொடுப்போம். இந்த முறை மகன் வயிற்றுப் பேத்தி, “அப்பத்தா, நீதிக்காகவும் சமாதானத்துக்காகவும் பாடுபடுகிறவர்களுக்குக் கொடுக்கலாமே” என்கிறாள். பத்து அமைப்புகளின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள். எங்கள் செட்டியாரோ, “சோறு போட்டால் வயிறு நிறைவது கண்ணுக்குத் தெரியும். இவர்களுக்குக் கொடுத்தால் சம்பளத்துக்குத்தானே போகும்?” என்கிறார். யாரை நம்பிக் கொடுப்பது?
- பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, உங்கள் செட்டியார் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆமாம், சம்பளத்துக்குத்தான் போகும். போக வேண்டும்.

அன்னதானத்தில் பெரிய செலவு அரிசி, பருப்பு, எண்ணெய். சமையல்காரர் கூலி அதில் ஒரு ஓரம். அந்தக் கூலி பாதிக்கு மேல் போனால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது நியாயம். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீதிக்காக வேலை செய்கிறவர்களின் கணக்கைப் பார்த்தால் எல்லோரும் திருடர்களாகத்தான் தெரிவார்கள். அடித்து விரட்டப்பட்ட ஒரு குடும்பத்தின் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறி வருகிறார். சாட்சி சொல்ல வேண்டியவர் கூலி வேலைக்காரர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இருவரும் மத்தியானம் வரை கோர்ட்டு வராந்தாவில் நிற்கிறார்கள். நீதிபதி விடுப்பு என்கிறார்கள். அடுத்த மாதத்துக்கு வாய்தா. கையில் ஒரு டீயும் வடையும். சாட்சிக்குப் பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுத்து அனுப்பிவிட்டு, இதையே அடுத்த மாதமும் செய்ய வேண்டும். இந்தப் பஸ் டிக்கெட், நகல் எடுத்த செலவு, வக்கீலின் மாதச் சம்பளம், இவைதாம் அங்கே அரிசி பருப்பு. சம்பளமே ஐந்து சதவிகிதம்தான் என்று மார்தட்டுகிற நீதி அமைப்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அப்படியானால் வேலையை யார் செய்கிறார்கள்?

இன்னொன்றையும் செட்டியாரிடம் சொல்லுங்கள். பாதாளச் சாக்கடையிலும் உலர் கழிப்பிடத்திலும் மனிதரை இறக்குவதை எதிர்த்து ‘சஃபாயி கர்மசாரி ஆந்தோலன்’ என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் உச்ச நீதிமன்றத்தில் 2003இல் வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வந்தது 2014 மார்ச்சில். 1993 முதல் சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நடுவில் பதினோரு வருஷம். எந்த மார்கழியிலும் காட்டுவதற்கு ஒரு நிறைந்த வயிறு இருந்திருக்காது.

இது நம் நகரத்தார் வழக்கத்துக்கு அந்நியமும் இல்லை. லாபத்தில் முருகன் பெயருக்கு மகமை என்று ஒரு பங்கு எடுத்து வைத்தவர்கள், அதை வெறும் உண்டியல் காசாக நினைக்கவில்லை. தனிப் பற்று வரவாகப் பேரேட்டில் எழுதினார்கள். 1927இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோது கதர் நிதிக்கு அள்ளிக் கொடுத்ததும் இதே ஊர்களின் பெட்டகங்கள்தாம். அந்தப் பணமும் சோறாக மாறவில்லை.

சமாதானம் என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேரை நீங்கள் அறிவீர்கள். வடம் பிடிக்க யார் யாருக்கு உரிமை என்ற தகராறில் பல வருஷம் நிலையிலேயே நின்று, உயர் நீதிமன்றம் வரை போய், 2024 ஆனியில்தான் ஓடியது. தேரை எடுக்காமல் விட்டால் சண்டை வராது என்பதும் ஒரு வகை அமைதிதான். எல்லோரும் வடம் பிடித்து இழுப்பது வேறு வகை. உங்கள் பேத்தி கேட்பது இரண்டாவதை என்று நினைக்கிறேன். முதல் வகை அமைதியை விற்கிற அமைப்புகளும் உண்டு. மாநாடு, மெழுகுவர்த்தி, ஒரு புறா. அவற்றைப் பட்டியலிலிருந்து தயங்காமல் அடித்துவிடுங்கள்.

மிச்சத்தில் எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் வழவழப்பான காலண்டரோடு ஒரு இளைஞர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அழுகிற முகங்கள். அந்தப் பெண்களிடம் படம் போட அனுமதி கேட்டிருப்பார்களா என்றுகூட யோசிக்காமல் பணத்தைக் கொடுத்தேன். ரசீது வரவே இல்லை. அடுத்த நன்கொடைக்கான போன் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “நீங்கள் தோற்ற வழக்கு ஒன்றைச் சொல்லுங்கள்.” உண்மையாக வேலை செய்கிறவர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல அரை நிமிஷம்கூட வேண்டாம். எந்தச் சாட்சி பிறழ்ந்தார், எந்த மனுவில் தேதி தப்பியது என்று தாங்களே வரிசையாகச் சொல்வார்கள். வெற்றிக் கதை மட்டும் வைத்திருக்கிறவர்கள் திணறுவார்கள். அடுத்து, பாதிக்கப்பட்டவர்கள் அந்த அமைப்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சுவரொட்டியில் மட்டும்தானா, நிர்வாகக் குழுவிலும் உண்டா? நான் சொன்ன ஆந்தோலனை நடத்தும் பெஜவாடா வில்சன், மலம் அள்ளும் வேலையில் தள்ளப்பட்ட குடும்பத்திலிருந்தே வந்தவர். 2016இல் மக்சேசே விருது பெற்றார். தணிக்கை செய்த ஐந்தொகையைச் செட்டியாரே படித்துவிடுவார். அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எல்லா அமைப்புக்கும் பெரிய தொகை பொருந்தாது. 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகம் நிதி நிறுவனங்களிடம் கை நீட்டாமல் உறுப்பினர்களின் காசில் நடப்பது. அங்கே நீங்கள் சந்தா கட்டி உறுப்பினராவதுதான் பொருத்தம். நிலத்தில் கால் ஊன்றிய வேலைக்குக் கொடுக்க மனம் இருந்தால், காந்திய வழித் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் உழுபவருக்கு நிலம் கிடைக்க 1981இல் தொடங்கிய ‘லாஃப்டி’ அமைப்பைப் பற்றி விசாரியுங்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்த பிறகு அந்தப் பக்கம் போனவர்கள் அவர்கள். நிலக்காரர்களோடு பேசி நிலத்தை வாங்கி, அதில் உழைத்த பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். உங்கள் பேத்தியின் இரண்டு சொல்லும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதை அங்கே பார்க்கலாம். பெயரை நான் சொன்னேன் என்பதற்காகக் கொடுக்க வேண்டாம். அதே கேள்விகளை அவர்களிடமும் கேட்க வேண்டும்.

இனிச் சட்டம். இதில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள வீடுகள் சறுக்குகின்றன. மகன் சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டதால், இந்திய அமைப்புக்கு அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு உள்ள அமைப்புதான் வாங்கலாம்; பணமும் அந்த அமைப்பு ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். அம்மா கணக்கில் போட்டு அம்மா பெயரில் கொடுத்துவிடலாம் என்று குறுக்கு வழி தேடாதீர்கள். பின்னால் மாட்டிக்கொள்வது வாங்கிய அமைப்பாக இருக்கும். நன்மை செய்யப் போய் அவர்கள் பதிவுக்கே உலை வைத்ததாக ஆகும். மகள் இந்தியக் குடிமகள் என்பதால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அமெரிக்க வரியில் கழிவு வேண்டுமென்றால் அங்கே பதிவான தர்ம அமைப்புக்குத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் டிசம்பர் 31க்குள். அங்கே நீதி, சமாதானம் என்ற பெயரில் இயங்குவதில் இரண்டு ரகம் உண்டு: அந்த நாட்டு வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வந்தால் கழிவு கிடைக்கும், சட்டமன்றக் கதவைத் தட்டுவதையே முழு வேலையாகச் செய்யும் 501(சி)(4) என்றால் கிடைக்காது. கிடைக்காததால் அது மட்டம் என்று அர்த்தமில்லை. போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான க்வேக்கர்கள் 1917இல் தொடங்கிய அமெரிக்கன் ஃப்ரெண்ட்ஸ் சர்வீஸ் கமிட்டி முதல் ரகம். 1947 நோபல் சமாதானப் பரிசைப் பிரிட்டன் க்வேக்கர்களோடு பகிர்ந்துகொண்டது.

உங்களுக்கு, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய நன்கொடை வரிச் சலுகை புதிய வரி முறையில் கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு போய்விடும். காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ செய்யுங்கள்.

அன்னதானத்தை நிறுத்த வேண்டாம். பாதயாத்திரை போகிறவர்கள் கால் கொப்புளத்தோடு வந்து உட்காரும்போது சோறு வேண்டும். ஒரு லட்சத்தில் 40,000 அதற்குப் போகட்டும். மிச்சம் 60,000த்தைப் பத்து அமைப்புக்கு ஆறாயிரம் ஆறாயிரமாகப் பிய்த்துக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒரே அமைப்புக்கு மாதம் 5,000 என்று கொடுங்கள், மூன்று வருஷமாவது. ஒரு வக்கீல் அடுத்த வாய்தாவுக்கும் வருவார் என்று அவர்கள் திட்டமிட முடிவது மாதாமாதம் வருகிற பணத்தை நம்பித்தான்.

நோன்பன்று இழை எடுக்கும் சடங்கு முடிந்ததும் எல்லோரும் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து, பேத்தியின் பட்டியலைச் செட்டியார் கையில் கொடுங்கள். போன் செய்து கேள்வி கேட்பது அவர் வேலை. பதிலை எழுதிக்கொள்வது பேத்தியின் வேலை. தோற்ற வழக்கைக் கேட்டதும் மறுமுனையில் எத்தனை நேரம் மௌனம் என்பதையும் அவள் ஓரத்தில் குறித்து வைக்கட்டும்.