பட்டை போன மாமரம் இன்னும் பச்சையாக நிற்பது ஏன்?

கேள்வி: ஐந்து வயது ஒட்டு மாமரம். ஆடுகள் அடிமரத்துப் பட்டையை ஒரு சாண் உயரத்துக்குச் சுற்றிலும் கடித்து உரித்துவிட்டன. இரண்டு மாதம் ஆகியும் இலை வாடவில்லை. மற்ற மரங்களைவிடப் பூ கூடுதலாகவே வந்திருக்கிறது. "பட்டையை உரித்தால் காய்ப்பு கூடும், கவலைப்படாதே" என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். உரமும் தண்ணீரும் கூட்டிக் கொடுத்தால் மரம் தேறிவிடுமா?

பதில்: உரம் வேண்டாம். பூவைப் பார்த்து மகிழவும் வேண்டாம். இப்போதே ஒட்டு வேலை செய்யாவிட்டால் மரம் தங்காது.

தண்ணீர் மேலே ஏறுவது கட்டைக்குள் இருக்கும் சைலம் வழியாக. ஆடு கட்டையைக் கடிக்கவில்லை, அதனால்தான் இலை பச்சையாக நிற்கிறது. இலை சமைத்த சர்க்கரை கீழே இறங்குவது பட்டையின் உள்பக்கம் இருக்கும் புளோயம் என்ற மெல்லிய அடுக்கில். அதைத்தான் ஆடு தின்றுவிட்டது. காயத்தின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள், உதடு மாதிரித் தடித்திருக்கும். கீழ் விளிம்பு அப்படியே இருக்கும். இறங்க வழியில்லாத சர்க்கரை மேலே தேங்கியதற்கு இதுதான் அடையாளம். 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மால்பிகி மரப்பட்டையை வளையமாக நீக்கி இதே வீக்கத்தைப் பார்த்திருக்கிறார்.

புளோயத்தில் சல்லடைக் குழாய்கள் இருக்கின்றன. இலைப் பக்கம் சர்க்கரையை இவற்றில் ஏற்றியதும், அது சைலத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. குழாயில் அழுத்தம் கூடுகிறது. வேரோ பிஞ்சோ சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் முனையில் அழுத்தம் குறைகிறது. இந்த வித்தியாசம்தான் சாற்றைத் தள்ளுகிறது. 1930-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் முன்ச் சொன்ன விளக்கம் இது. குழாயின் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போலப் பல மடங்கு. சாறு மணிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு ஓடும். தத்துப்பூச்சி விழுந்த மாவிலை பிசுபிசுப்பது ஏன் தெரியுமா? பூச்சி உறிஞ்சி மிச்சம் கழித்த புளோயச் சர்க்கரைதான் அது. கரும்பூசணம் அதன் மேல்தான் படர்கிறது.

பூ கூடியதற்கு வருகிறேன். கிளையில் சர்க்கரை தேங்கியது ஒரு காரணம். பூக்கச் சொல்லும் சமிக்ஞையும் இலையில் உருவாகி, புளோயம் வழியாகத்தான் மொட்டுக்குப் போகிறது. அது ஒரு புரதம் என்று 2007-இல் நெல்லிலும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலும் காட்டினார்கள். கீழே போகும் வழி அடைபட்டதால் எல்லாம் மேலேயே நிற்கிறது.

பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதில் பாதி உண்மை. திராட்சையில் பழம் பெருக்க வேண்டுமென்றே பட்டையை வளையமாக எடுப்பார்கள். ஆனால் அந்த வளையத்தின் அகலம் சில மில்லிமீட்டர்தான். சில வாரங்களில் மூடிக்கொள்ளும். ஒரு சாண் காயம் தானாக மூடாது.

இதற்கிடையில் வேர், சேமித்து வைத்த மாவுச்சத்தைத் தின்று காலம் தள்ளுகிறது. அது தீர்ந்ததும் முதலில் வேர் நுனிகள் சாகும். பிறகுதான் மேலே வாட்டம் தெரியும். அப்போது செய்ய ஒன்றும் இருக்காது. பட்டினி கிடக்கும் வேருக்கு உரத்தை உறிஞ்சவே சக்தி கிடையாது. அதனால்தான் உரம் வேண்டாம் என்றேன். தண்ணீர், மண் காயாத அளவுக்குப் போதும், தேங்க விடாதீர்கள்.

முதலில் காயம் முழுவட்டமா என்று பாருங்கள். விரல் அகலப் பட்டை எங்காவது உயிரோடு மேலுக்கும் கீழுக்கும் தொடர்ந்தால் அதுவே பெரிய ஆறுதல். அதைக் காப்பாற்றினாலே மரம் மெல்லத் தேறலாம். காயத்துக்குக் கீழே துளிர் வந்தால், ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் வேர்ச்செடியின் துளிராக இருந்தாலும், இப்போதைக்கு வெட்டாதீர்கள். வழக்கமாக அதைக் கிள்ளச் சொல்வேன். இன்றைக்கு வேருக்குச் சோறு போடுவது அது ஒன்றுதான்.

முழுவட்டக் காயம் என்றால் மாமரத்துக்கு நான் சொல்வது கன்று ஒட்டு. பென்சில் கனமுள்ள மாங்கன்றுகள் மூன்று நான்கை அடிமரத்தைச் சுற்றி, மரத்தை ஒட்டி நடுங்கள். அவை வேர்பிடித்துத் துளிர்த்ததும், ஒவ்வொன்றின் நுனியையும் நீளச் சாய்வாகச் சீவுங்கள். காயத்துக்கு மேலே உயிருள்ள பட்டையில் தலைகீழ் 'டி' போலக் கீறி, சீவிய பக்கம் கட்டையோடு ஒட்டும்படி செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுங்கள். வெட்டிய இடத்தில் மெழுகு பூசுங்கள். பட்டை எளிதாகக் கழன்று வரும் துளிர்க் காலத்தில் செய்தால்தான் பிடிக்கும். மரத்தின் குச்சிகளையே காயத்தின் மேலும் கீழும் பாலமாகச் செருகும் முறையும் உண்டு. அதில் குச்சியின் அடிமுனை கீழேதான் இருக்க வேண்டும், மாற்றிச் செருகினால் வீண்.

ஒட்டு கட்டும் நாளிலேயே பூங்கொத்துகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். பிஞ்சு நின்றால் சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்ளும். புதுப்பாதை வழியாக வேருக்கு இறங்க மிச்சமிருக்காது. ஒட்டு பிடித்த பிறகு கன்றின் பக்கத் துளிர்களைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். கட்டு மரத்தை இறுக்கத் தொடங்கினால் அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். ஆடு எட்டாத உயரத்துக்குச் சுற்றிலும் வலையும் அடியுங்கள்.