குளிசையை விட ஊசி வலியதா?

ஊசி போடாமல் குளிசை மட்டும் கொடுத்து அனுப்பினால் உங்கள் அம்மாவுக்கு நம்பிக்கை வருவதில்லை, உண்மையில் எது வலியது என்று கேட்டிருக்கிறீர்கள். நுவரெலியா மாவட்டத்தில் 27 வருடங்கள் தாதிய உத்தியோகத்தராக இருந்து, "ஊசிகூட போடாம சும்மா அனுப்பிட்டாங்க" என்ற பேச்சை லயத்து மக்களிடம் கேட்டுச் சலித்தவள் நான். மருந்து எந்த வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிப்பவர் வைத்தியரே. சண்டைக்கு வரக்கூடியவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு மருந்துக்கும் அதற்குரிய வழி உண்டு. இன்சுலினை விழுங்கினால் வயிறு அதைப் பருப்பைப் போலச் செரித்துவிடும் என்பதால் தோலின் கீழ் ஏற்றுகிறோம். கிருமிகளுக்கு எதிராகக் கொடுக்கும் மெட்ரோனிடசோலோ வாயால் கொடுத்தாலும் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் சேர்ந்துவிடும். வலி நிவாரணியான டைக்ளோபெனாக்கை ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் அது வயிற்றைப் புண்ணாக்கக்கூடும்.

ஒரு நாள் இரவுக் கடமையில், தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரை நெஞ்சு வலியோடு கொண்டுவந்தார்கள். "குளிசைக்குக் கேக்கல மிஸ், ஒரு ஊசி போடுங்க" என்றார் மகன். ஐயாவின் சட்டைப்பையில் கசங்கிய கடதாசி உறை ஒன்று இருந்தது. உள்ளே நெஞ்சு வலிக்கான கிளிசரில் ட்ரைநைட்ரேட். நாக்கின் கீழ் கரையவேண்டிய அந்தக் குளிசைகளில் இரண்டை அவர் பிளேன்டீயோடு விழுங்கியிருந்தார். விழுங்கினால் ஈரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். போதாக்குறைக்கு, கண்ணாடிப் போத்தலை விட்டு வெளியே எடுத்து வைத்தாலே அதன் வீரியம் குறையும். இரத்த அழுத்தம் பார்த்து, வைத்தியரின் கட்டளைப்படி விடுதிப் போத்தலிலிருந்து ஒன்றை எடுத்து அவருடைய நாக்கின் கீழ் வைத்தேன். எச்சிலைக்கூட விழுங்கப் பயந்து வாயைப் பாதி திறந்தபடியே உட்கார்ந்திருந்தவர், சில நிமிடங்களில் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

"நாக்கின் கீழ்" என்று உறையில் எழுதித்தான் இருந்தது, சிங்களத்தில். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அவருடைய மருந்து உறைக்கு அது வந்து சேரவில்லை. எழுதியவரை மட்டும் குறைகூற எனக்கும் யோக்கியதை இல்லை. நெரிசலான காலைகளில் "காலையில ஒன்னு, ராவைக்கு ஒன்னு" என்பதோடு நானும் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த முறை அம்மாவோடு போகும்போது, ஒவ்வொரு குளிசையையும் விழுங்குவதா, சப்புவதா, நாக்கின் கீழ் வைப்பதா என்று கேட்டு, உறையில் நீங்களே தமிழில் எழுதிக் கொடுங்கள்.