சுவர் ஏறிக் குதித்த ராத்திரி

உங்கள் மகன் ஒரு குருவிடம் சேர்ந்து ஆளே மாறிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். மொட்டை, புதுப்பெயர், ஒருவேளைச் சாப்பாடு இதையெல்லாம் முதலில் ஒதுக்கி வையுங்கள் அம்மா. பத்தொன்பது வயதில் இதைவிடக் கூத்தெல்லாம் அடித்துவிட்டு, இரண்டு வருடத்தில் மறந்துபோன பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'தியானத்தில் ஹிப்னாடிசம் செய்கிறார்கள்' என்று யூடியூபில் பார்த்ததையும் விட்டுவிடுங்கள். ஹிப்னாடிசத்தால் ஒருவரை மாதக்கணக்கில் பொம்மையாக ஆட்டிவைக்க முடியாது.

உங்களுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைப் பொடித்து அவன் பாலில் கலந்தீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். அளவு தப்பினால் ஆபத்து என்பது ஒரு பக்கம். அவன் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும்? 'உன் வீட்டார்தான் உனக்கு எதிரி' என்று சொல்லும் அந்தக் குருவுக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நாலு பக்கக் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு வரிதான். ஒரு ராத்திரி யார் வீட்டுச் சுவரையோ ஏறிக் குதித்துவிட்டு வந்தான், எதையும் எடுக்கவில்லை, 'குரு வைத்த சோதனையில் ஜெயித்துவிட்டேன்' என்று சிரித்தான். 'நல்ல வேளை, திருடவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். திருடியிருந்தால்கூட நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

அமெரிக்காவில் சார்லஸ் மேன்சன் 1967-ல் சிறையிலிருந்து வெளியே வந்து, போக்கிடம் இல்லாத இளசுகளைச் சேர்த்துக்கொண்டான். முதலில் பாட்டு, பாசம், எல்எஸ்டி என்ற போதை மருந்து. அப்புறம் ராத்திரியில் முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் அவர்களை அனுப்பினான். உள்ளே ஆள் தூங்கும்போதே சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வர வேண்டும். 1969 ஆகஸ்டில் இரண்டே இரவுகளில் ஏழு பேரைக் கொன்றது அந்தக் கூட்டம்தான். இரண்டாம் இரவு போனவர்களில் ஒரு பெண்ணுக்கு வயது 19.

எடுத்தவுடனே யாரும் 'கொல்' என்று சொல்வதில்லை. சின்னதாக ஒரு கோட்டைத் தாண்டவைப்பார்கள். தாண்டியவன், செய்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாக வேண்டும், இல்லாவிட்டால் குற்றவுணர்ச்சி பிடுங்கும். அடுத்த கோடு கொஞ்சம்தான் தள்ளியிருக்கும். நடுவில் ஒரு ரகசியம் வேறு சேர்ந்துவிடும், அதை வைத்தே மிரட்டவும் செய்யலாம்.

'நன்றாகப் படிக்கிற பையன், புத்தி தெரியாதா' என்று கேட்டிருக்கிறீர்கள். 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கும்பல் சாரின் விஷவாயுவைப் பரப்பியபோது, விஷம் இருந்த பையைக் குத்திக் கிழித்தவர்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். என்னைப் போல ஒரு டாக்டர்! படிப்பெல்லாம் இதற்குத் தடுப்பூசி ஆகாது.

சரி, அவனிடம் என்ன பேசுவது? குருவைத் திட்டாதீர்கள், அறையில் வைத்துப் பூட்டாதீர்கள். சாப்பிடும்போது சாதாரணமாக, 'அடுத்த சோதனை என்னப்பா?' என்று கேளுங்கள். பதிலில் ஒரு தேதியோ, குறிப்பிட்ட ஒருவரின் பெயரோ, ஆயுதமோ, 'நான் திரும்பி வராமல் போகலாம்' என்ற பேச்சோ வந்தால் என் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போலீசுக்குப் போங்கள். பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம்.

அப்படி எதுவும் வரவில்லையென்றால், இந்த வாரமே நீங்கள் மட்டும் வந்து என்னைப் பாருங்கள். அவனை இழுத்து வர வேண்டாம். எந்தெந்த ராத்திரி வெளியே போனான், எத்தனை மணிக்குத் திரும்பினான் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.