கையெழுத்து கட்டிக்கு, எடுத்தது கர்ப்பப்பையை

கேள்வி: எனக்கு 38 வயது. இடது சினைப்பையில் இருந்த கட்டியை லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு, எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லித் தனியார் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கினார்கள். கண் விழித்தால் கர்ப்பப்பையும் இரண்டு சினைப்பைகளும் இல்லை. ஆபரேஷன் நடுவில் நர்ஸ் வெளியே வந்து என் கணவரிடம் கையெழுத்து வாங்கினாராம். 14 மாதம் ஆகிவிட்டது. வழக்குப் போட முடியுமா? — வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும், சகோதரி. உங்கள் உடம்புக்கு நீங்கள்தான் சம்மதிக்க வேண்டும். நீங்கள் சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடியவர், மயக்கத்தில் இருந்தது சில மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள் கணவர் போட்ட கையெழுத்து உங்கள் கையெழுத்தாகிவிடாது. உயிர் போகும் அவசரம் இருந்தால் மட்டும் கதை வேறு. "விட்டால் பின்னால் புற்றுநோய் வரலாம், எப்படியும் இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும்" என்பதெல்லாம் அந்த அவசரம் ஆகாது.

இதை உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோபிக்கு, தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பதற்கும் சேர்த்து, கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயிற்றைத் திறக்கச் சம்மதித்தது உறுப்பை எடுக்கச் சம்மதித்தது ஆகாது என்றது நீதிமன்றம். உங்கள் படிவத்திலும் அப்படி ஒரு வரி அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெண் கேட்டது 25 லட்சம். கிடைத்தது 25,000 ரூபாய், அதோடு டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது என்ற உத்தரவு. காரணம், சம்மதம் வாங்காதது தப்பு என்று நிரூபணமானது, சிகிச்சையே தப்பு என்று நிரூபணமாகவில்லை. ஆகவே உங்களுக்கு நியாயமான தொகை கிடைக்க வேண்டுமென்றால், எடுத்தது தேவையில்லாதது என்பதையும் காட்ட வேண்டும். எடுத்த உறுப்பின் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்தான் இதில் உயிர்நாடி. அதை வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். 38 வயதில் இரண்டு சினைப்பையும் போனால் மாதவிடாய் அன்றோடு நின்றுவிடும். உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, எலும்பு பலவீனம் என்று நீங்கள் பார்த்த வைத்தியத்தின் பில் ஒவ்வொன்றையும் சேர்த்து வையுங்கள்.

மருத்துவமனைக்கு இன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். ஒப்புதல் படிவங்கள், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, பயாப்ஸி, ஆபரேஷன் வீடியோ எடுத்திருந்தால் அதன் நகல் எல்லாம் கேளுங்கள். ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002 மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. பதிவேடுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது.

அப்புறம், நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு இன்னும் 10 மாதம்தான் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் சரி. போலீஸுக்கு முதலில் ஓட வேண்டாம், குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவைக் காட்ட வேண்டியிருக்கும்.

படிவம் கைக்கு வந்ததும் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கையெழுத்துக்கு மேலே "கர்ப்பப்பை நீக்கம்" என்று வேறு மையிலோ வேறு கையெழுத்திலோ இடுக்கில் எழுதியிருக்கிறதா? இருந்தால் அந்தத் தாளை உடனே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், மூலப் படிவத்தை ஆணையத்தில் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போட வேண்டியிருக்கும்.