மாத்திரையை நிறுத்தினால் கிருமி அடங்கிவிடுமா?

கேள்வி: வயது 63, சர்க்கரை உண்டு. கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். சிறுநீர்த் தொற்றுக்கு செஃபிக்ஸிம் மாத்திரை கேட்கவில்லை. கல்ச்சரில் ‘இஎஸ்பிஎல் ஈ.கோலை’ என்று வந்து, ஊசி போட்டுச் சரியானது. "மருந்தை நிறுத்தினால் கிருமி அந்த பிளாஸ்மிடைத் தொலைத்துவிடும்" என்கிறான் கல்லூரியில் படிக்கும் பேரன். அடுத்த முறை செஃபிக்ஸிம் கேட்குமா?

பதில்: கேட்கும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், அம்மா. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம். செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிதான் இஎஸ்பிஎல்; அதன் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிடில்தான் இருக்கும். வேண்டாத சுமையைக் கிருமி கழற்றிவிடும் என்பது பேரனின் கணக்கு. சுமை கனத்தால்தானே கழற்றத் தோன்றும்?

நன்றாக ஆராயப்பட்ட ஆர்1 பிளாஸ்மிடையே எடுத்துக்கொள்வோம். அது நகலெடுக்க ரெப்ஏ என்ற புரதம் வேண்டும். அந்தப் புரதத்துக்கான தூது ஆர்என்ஏவின் (மரபணுவின் செய்முறைக் குறிப்பைக் கொண்டுபோகும் நகல்) முன்பகுதி தன்மேலேயே மடிந்து கிடக்கும். அதே இடத்தின் எதிர் இழையிலிருந்து காப்ஏ என்ற குட்டி ஆர்என்ஏ, சுமார் 90 எழுத்து நீளத்தில், ஓயாமல் உருவாகிறது. அதுவும் மடிந்ததே. இரண்டின் மடிப்பு வளையங்களும் பிணைந்துகொண்டால், புரதம் செய்யும் ரைபோசோம் வேலையைத் தொடங்க முடியாது; ரெப்ஏ வராது. பிளாஸ்மிட் பெருகினால் காப்ஏவும் பெருகும், நகலெடுப்பு அடங்கும். குறைந்தால், சீக்கிரமே சிதைந்துபோகும் காப்ஏவும் குறைந்து நகலெடுப்பு மறுபடி கிளம்பும். மாடித் தொட்டிக்குள் மிதக்கும் பந்து குழாயை மூடித் திறப்பது மாதிரிதான். இதனால் செல்லுக்குச் சில நகல்களோடு நின்றுவிடுகிறது. கிருமிக்குப் பெரிய செலவில்லை. இஎஸ்பிஎல் சுமக்கும் பல பிளாஸ்மிட்களும் ஆர்1 சேர்ந்த எஃப் என்ற பிளாஸ்மிட் குடும்பத்தவையே.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ஆர்1-இல் ஹாக் என்ற நஞ்சும், அதன் உற்பத்தியைத் தடுக்கும் சாக் என்ற ஆர்என்ஏவும் இருக்கின்றன. பிளாஸ்மிடைத் தொலைத்த செல்லில் சாக் முதலில் அழியும். நஞ்சின் தூது ஆர்என்ஏ நீடித்து, அந்தச் செல்லையே கொன்றுவிடும். (பேரனிடம் சொல்லுங்கள், ரசிப்பான்.)

ஆகவே இக்கிருமி குடலில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கலாம். தொந்தரவு இல்லாதவரை மருந்தும் வேண்டாம், சும்மா கல்ச்சரும் வேண்டாம். எரிச்சல் திரும்பினால், மருந்து தொடங்கும் முன் கல்ச்சர் கொடுத்து, பழைய ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்றவை பலருக்கு இன்னும் கேட்கின்றன. முன்னதற்கு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்தாக வேண்டும். குளிர்காய்ச்சல், விலா வலி, வாந்தி என்றால் காத்திருக்காமல் அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.